நாலாவது ஆளுக்கு ஊற்றிய சிராப்

1

இந்தக் கதை ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கில் ஒரு வீட்டு வாசலில் எனக்குக் கிடைத்தது.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. திறந்த இல்ல விருந்து, யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டு, நாற்காலி பரப்பி, தெருவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கையில் ஒரு முறுக்கு டின்னோடு ஒருவர் உள்ளே வந்தார். பேச்சு நின்றுவிட்டது. யாரும் அவரை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மாள் தட்டை நீட்டினார். அவர் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட, நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். யார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

"முன்ன நம்ம ஆளு," என்றார்.

அதே வாரம் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். சிறப்பிதழுக்கு ஒரு சூப்பர் ஹீரோ கதை வேண்டும். பறக்கணும், அடிக்கணும், கூட இருந்து குழி பறித்த ஒருவன் இருக்கணும். பறப்பதும் அடிப்பதும் எனக்குச் சரியாக வராது. கூட இருந்து குழி பறிப்பவனை எழுத வரும். வாராவாரம் எழுதுகிற எனக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது. ஒவ்வொரு இதழின் கடைசியிலும் யாராவது ஒருவர் பக்கம் விரலை நீட்டிவிட்டு நிறுத்துவேன். இது ஒரே இதழில் முடிகிற கதை. அதனால் விரலை எல்லார் பக்கமும் நீட்டப்போகிறேன். உங்கள் பக்கமும் வரலாம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

ரெங்கம் நகரின் மேல் கருமேகங்கள் திரண்ட அந்த வேளையில், நீர்த்தொட்டியின் உச்சியில் மூன்று நிழல்கள் கைகட்டி—

(விட்டுவிட்டேன். பக்கத்து ஊரான ரெங்கத்தில் தொட்டி உச்சியில் ஏறி நின்றால் கீழே காப்பிக் கடையிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வழுக்கும் இறங்கு என்பார்கள்.)

அடுத்தது:

"நீ மாறிவிட்டாய், ஹேமநாதா!" என்று கர்ஜித்தான் ஜெயபாலன். அவனுடைய—

(இதுவும் வேண்டாம். ஜெயபாலன் கர்ஜிக்கிற ஆள் இல்லை. வயதில் மூத்தவர், குளுவாங்கில் மரச்சாமான் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மெதுவாகப் பேசுவார். ரொம்ப மெதுவாகப் பேசுகிறவர்களை நான் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பது வழக்கம். நீங்களும் பாருங்கள்.)

மூன்றாவது:

லோஷினி தவறான குரூப்பில் மெசேஜ் போட்டுவிட்டாள்.

இது நிற்கும்.

3

மெசேஜுக்குப் போவதற்கு முன் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

ரெங்கத்தில் சக்தி உள்ளவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஜெயபாலன் லாரியைத் தூக்குவார். அர்ச்சுனன் காற்றைவிட வேகமாக ஓடுவான். ஆனாலும் சிங்கப்பூரில் வேலை என்பதால் தினமும் காலையில் எல்லாரையும் போல எல்லையில் வரிசையில் நிற்கிறான்; பாஸ்போர்ட்டில் சாப் முத்திரை வாங்காமல் ஓடினால் வேலை போய்விடும். பல் கிளினிக் கவுண்டரில் உட்காரும் லோஷினிக்கு மற்றவர்களின் நெஞ்சுத் துடிப்பு சுவர் தாண்டியும் கேட்கும். வந்தவருக்கு வலியா பயமா என்று டாக்டருக்கு முன்பே அவளுக்குத் தெரியும். நான்காவது ஆள் ஹேமநாதன், லோஷினியின் பள்ளித் தோழன். கார் கழுவும் கடை வைத்திருந்தான். தண்ணீர் அவன் சொன்னபடி கேட்கும்.

(ஆசிரியர் உடை கேட்டார். இறுக்கமான உடுப்பும் முகமூடியும். இந்த வெயிலில் யார் போடுவது? கதை முழுக்க இவர்கள் தீபாவளிச் சட்டையில்தான் இருக்கிறார்கள்.)

போன பருவமழையில் ஆறு பெருகித் தாமான் குடியிருப்புக்குள் தண்ணீர் ஏறியது. ஜெயபாலன் மார்பளவு தண்ணீரில் நின்று பாலத்தைத் தாங்கினார். அர்ச்சுனன் வீடு வீடாக ஓடி ஆட்களைத் தூக்கி வந்தான். ஹேமநாதன் கரையில் நின்று கையை நீட்டி வெள்ளத்தைத் திருப்பினான். தாமான் தப்பியது. திரும்பிய தண்ணீர் பழைய தோட்டத் தொழிலாளர் லயத்துக்குள் புகுந்தது. லயம் காலி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்த மனோகரன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் பக்கம் திருப்பச் சொன்னது யார்? தான் வேண்டாம் என்று கத்தியதாக ஜெயபாலன் சொன்னார். அர்ச்சுனன் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை என்றான். ஹேமநாதன் வாயே திறக்கவில்லை. கடையை இழுத்து மூடிவிட்டு மெர்சிங் பக்கம் போய்விட்டான். அன்றைக்கு லோஷினி ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்தாள். கரையில் யார் நெஞ்சு எப்படித் துடித்தது என்று கேட்க அவள் அங்கே இல்லை.

அதன் பிறகு ஊரில் அவன் 'முன்ன நம்ம ஆளு'.

4

இந்த வருடம் தீபாவளியை ஒட்டிக் குழாய்கள் நின்றன. எங்கும் குழாய் உடையவில்லை, ஆறும் வற்றவில்லை, மழைகூடப் பெய்துகொண்டிருந்தது. ஆனாலும் ரெங்கத்திலும் லாயாங் லாயாங்கிலும் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஜெயபாலன் மெதுவாகச் சொன்னார், இது ஹேமா வேலை என்று.

யார் வேலை என்பதைவிட எப்போது வரும் என்பதுதான் லோஷினிக்குக் கவலை. அவள் அம்மா காளியம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று தடவை டையாலிசிஸ். ரத்தம் கழுவும் மெஷினுக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். சனிக்கிழமை சென்டரைத் திறக்கவில்லை. அடுத்த முறை செவ்வாய்க்கிழமை. ஜொகூர் பாருவில் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். அம்மாவின் கால் பானையாக வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு வாங்கியது. உட்கார்ந்துகொண்டே தூங்கினாள். அதற்கு நடுவில், தீபாவளிக்குத் திறக்காத வீடு என்ன வீடு என்று சொல்லி, திறந்த இல்ல விருந்து வைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவள்தான்.

இனி மெசேஜ்.

வாட்ஸ்அப்பில் 'நாலு பேர்' என்று ஒரு குரூப் இருந்தது. ஆரம்பித்தவன் ஹேமநாதன். அட்மினும் அவன் ஒருவன்தான். வெள்ளத்துக்குப் பிறகு அவனை நீக்க யாராலும் முடியவில்லை. வெளியேறியிருக்கலாம். ஆனால் 'இன்னார் வெளியேறினார்' என்று கீழே பெயர் விழுமே. முதலில் யார் பெயர் விழுவது? மூன்று பேரும் அடுத்தவர் போகட்டும் என்று காத்திருந்தார்கள். கடைசியில் ஜெயபாலன் 'மூணு பேர்' என்று புதிதாக ஒன்று ஆரம்பித்தார். பழையது அப்படியே கிடந்தது.

ஞாயிறு மதியம் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்ற அழைப்பை லோஷினி 'நாலு பேர்' குரூப்பில் போட்டாள்.

நீல டிக் விழுந்தது. பிறகு பதில்: "வரேன் லா. இடியாப்பம் இருக்கா?"

5

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன்.

லோஷினியை எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். பல் கிளினிக்கில் யாருக்கு எப்போது நேரம் கொடுத்தோம் என்பதை மறக்காதவள். மெசேஜ் அனுப்பும் முன் இரண்டு தடவை படிக்கிறவள். அப்படிப்பட்டவள் ஒரு வருடமாக அசையாமல் அடியில் கிடந்த குரூப்பைத் தேடிப் பிடித்துத் 'தவறுதலாக' அழைப்பு அனுப்பினாளா?

மூன்றாவது தொடக்கத்தில் 'தவறான குரூப்பில்' என்று எழுதியது நான். அவள் தவறு என்று எங்கும் சொல்லவில்லை. ஜெயபாலன் கேட்டபோதும், கை பட்டுவிட்டது போல என்று இழுத்தாள். அந்த 'போல' எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெயபாலனும் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. அழிக்க வேண்டாம், வரட்டும், பிடித்துவிடலாம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்த காளியம்மா அதைக் கேட்டுவிட்டாள்.

"எங்க வீட்ல தட்டு கையில வச்சிருக்கறவன யாரும் தொடக்கூடாது, தம்பி. அவன் எழுந்து கை தொடைச்சு, வாசக் கேட்டத் தாண்டட்டும். அப்பறம் நீங்க ரோட்ல என்னமோ பண்ணிக்குங்க."

ஜெயபாலன் தலையை ஆட்டினார். சரி ஆண்ட்டி என்றார். எப்போதும் போல, மெதுவாக.

6

மதியக் கூட்டம் கலைந்து, பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பமும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு ஹேமநாதன் வந்தான். நீலச் சட்டை. கையில் ஒரு முறுக்கு டின். (லாயாங் லாயாங்கில் நான் பார்த்த அதே டின். வேறு டின் எனக்குத் தோன்றவில்லை.)

லோஷினி முதலில் செய்தது, காது கொடுத்தது. அவன் நெஞ்சு ஒரே சீராகத் துடித்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ரத்தமும் தண்ணீர்தானே. தண்ணீரை அடக்கத் தெரிந்தவனுக்குத் தன் நெஞ்சை அடக்க எவ்வளவு நேரமாகும்? கூடாரத்தின் தூணில் சாய்ந்து நின்ற ஜெயபாலனின் நெஞ்சு பாலத்தைத் தாங்கிய நாளிலிருந்தே பெரிய மோட்டார் மாதிரிதான் இடிக்கிறது. அதில் பயம் எது, பழக்கம் எது என்று பிரிக்க முடியாது. அர்ச்சுனனுடையது சும்மா உட்கார்ந்திருந்தாலே ஓடிக்கொண்டிருக்கும். ஊரில் யாருடைய பொய்யையும் பிடிக்கிற அவளுக்கு இந்த மூன்று பேரைப் பிடிக்க வழியில்லை. இதுவரை அவள் அதை யோசித்ததே இல்லை. நண்பர்களைப் பற்றி அப்படி யோசிக்க என்ன அவசியம் இருந்தது?

காளியம்மா தட்டை நீட்டினாள். அவன் வாங்கி அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். அர்ச்சுனனால் சும்மா இருக்க முடியவில்லை. கார் கழுவத் தண்ணியில்லாம கடைய மூடிட்டீங்களாண்ணே என்று கேட்டான். நீ இன்னும் வரிசையில நிக்கறியாமே, வேகமான ஆளு நீ என்றான் ஹேமநாதன். அர்ச்சுனன் சிரித்துவிட்டான். ஜெயபாலன் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினான்.

ஹேமநாதன் காளியம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆண்ட்டி, உள்ள தண்ணி ஏறிட்டே போகுது. நுரையீரல் வரைக்கும் வந்திருச்சு."

"தெரியும்டா. ராத்திரில அதுதான் என்னைய எழுப்புது."

அவன் லோஷினி பக்கம் திரும்பினான். "லோஷ், தண்ணிய மட்டும் என்னால எறக்கிவிட முடியும். அழுக்கு போகாது. ஆனா செவ்வாக்கெழம வரைக்கும் மூச்சு வாங்காம இருப்பாங்க. கைய நெஞ்சுக்கு நேரா வச்சா போதும்."

"விடாத," என்றார் ஜெயபாலன். "லயத்துப் பக்கம் இதே கையத்தான் நீட்டினான்."

இதுதான் இந்தக் கதை. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அவன் நல்லவன் என்றால் அம்மா இன்றைக்கே படுத்துத் தூங்குவாள். அவன் ஊர் சொல்கிற ஆள் என்றால், ரத்தத்தை நிறுத்த அவனுக்கு ஒரு விரல் போதும். லோஷினி இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் அவள், தண்ணிய நிறுத்தினது நீதானா என்று கேட்டாள்.

"நான் நிறுத்தல."

"உன்னால ஓட வைக்க முடியும்ல?"

"முடியும். ஓட வைக்கத் தெரிஞ்சவன்தான் நிறுத்தியிருப்பான்னு நெனைக்கறியா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்தாள்.

7

அந்த நேரத்தில் சிராப் வந்தது.

லாரித் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, பாட்டிலில் இருந்த சிவப்பு ரோஜா சிராப்பைக் கலந்து, ஐஸ் போட்டு வைத்திருந்தது லோஷினி. குவளைகளில் ஊற்றியதும் அவள்தான். தட்டில் வைத்து வெளியே தூக்கி வந்தது—

(முதல் பிரதியில் லோஷினி தூக்கி வந்தாள். இரண்டாவதில் அர்ச்சுனன். இப்போது என் முன்னால் இருக்கும் பிரதியில் ஜெயபாலன். ஏன் மாற்றினேன் என்று எனக்கு நினைவில்லை. ஒரு தட்டு சமையலறையிலிருந்து வாசலுக்கு வர மூன்று ஆட்கள் மாறியிருக்கிறார்கள் என்றால், நான் யாரையோ காப்பாற்றப் பார்க்கிறேன், அல்லது யாரையோ மாட்டிவிடப் பார்க்கிறேன். என்னையும் நம்ப வேண்டாம்.)

ஜெயபாலன் ஆளுக்கொரு குவளையாக வைத்தார். ஹேமநாதன் முன்னாலும் ஒன்று. காளியம்மாவுக்கு வைக்கவில்லை, ஒரு நாளைக்கு இத்தனை மடக்கு என்று அவளுக்கு அளவு இருக்கிறது, காலையிலேயே அது முடிந்துவிட்டது.

ஹேமநாதன் குவளையை எடுத்தான். உதடுவரை கொண்டுபோய் நிறுத்தினான். பிறகு மேசையின் நடுவில் வைத்தான்.

"இதுல சிராப் மட்டும் இல்ல."

"என்ன இருக்கு?" என்றாள் லோஷினி.

"என்னன்னு தெரியல. தண்ணி கனமா இருக்கு. எதையோ கரைச்சிருக்காங்க." அவன் அவளை மட்டும் பார்த்தான். "நீ ஊத்துனியா?"

ஊற்றியது அவள்தான். ஆமாம் என்றாள்.

ஜெயபாலன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாத்தியா லோஷினி? இவன் வந்த வேல இதுதான். நம்மள ஒருத்தர் மேல ஒருத்தருக்கு சந்தேகம் வர வச்சிட்டுப் போயிருவான்."

அலமாக், யாராச்சும் குடிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்லா என்றான் அர்ச்சுனன். சொல்லிவிட்டு அவன் கை குவளைப் பக்கம் போகவில்லை. நீங்க குடிங்கண்ணே என்று லோஷினி ஜெயபாலனிடம் சொன்னாள். அவன் வாய்வரை கொண்டுபோன குவளையை நான் ஏன் குடிக்க வேண்டும் என்று கேட்டார் அவர். நியாயமான பேச்சு. கலக்கியவரும் அதையேதான் சொல்வார்.

லோஷினிக்கு வேறொன்று ஓடியது. இது மயக்க மாத்திரையாக இருந்தால்? ஜெயபாலன் சண்டை வேண்டாம் என்று நினைத்து, வீட்டில் ரத்தம் சிந்தாமல் பிடித்துவிடலாம் என்று நினைத்துப் போட்டிருந்தால்? அதுகூட ஒருவிதத்தில் நல்ல எண்ணம்தான். ஆனால் அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டு, தட்டைக் கையில் வைத்திருப்பவனுக்குப் போட்டிருக்கிறார். இதற்குப் பொய் சொன்னவர், கரையில் வேண்டாம் என்று கத்தியதாகச் சொன்னதும் பொய்யா?

அல்லது குவளையில் ஒன்றுமே இல்லையா? இந்த நினைப்பை அவள் தலைக்குள் போடத்தான் ஹேமநாதன் மெர்சிங்கிலிருந்து வந்தானா?

8

"யாருக்கும் வேணாம்னா எனக்குக் குடுங்க," என்றாள் காளியம்மா. "தொண்ட காஞ்சு கெடக்கு."

கை நீண்டது. வீங்கிய விரல்கள் ஹேமநாதனின் குவளையைச் சுற்றிப் பிடித்தன.

கிட்னி இல்லாத உடம்புக்குள் ஒரு மாத்திரை போனால் அது வெளியேற வழியில்லை. இது லோஷினிக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நர்ஸ் சொல்லும்போது இந்த மூன்று பேரும் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியும்.

லோஷினி தடுக்க வாயைத் திறந்தாள். அப்போது அவளுக்கு அம்மாவின் நெஞ்சு கேட்டது. சனிக்கிழமையிலிருந்து தடுக்கித் தடுக்கி ஓடிய நெஞ்சு. இப்போது தடுக்கவில்லை. கோயிலில் கற்பூரத் தட்டு தன் பக்கம் வரும்வரை அமைதியாக நிற்பாளே, அந்தத் துடிப்பு.

அந்த மேசையில் லோஷினியால் நம்ப முடிந்த ஒரே நெஞ்சு அது. அம்மாவுக்குத் தாகம் இல்லை. அம்மா தெரிந்தே எடுத்திருக்கிறாள், உண்மை தெரிந்தவன் தடுத்துத்தானே ஆக வேண்டும் என்று.

தடுத்தால் அம்மா பிழைப்பாள்; ஆனால் ஹேமநாதனின் கையை அம்மாவின் நெஞ்சுக்கு நேராக வைக்கவிடலாமா என்று கடைசிவரை தெரியாது. தடுக்காவிட்டால்—

லோஷினி ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாள். ஒரே ஒரு மூச்சு. அதற்காக அவளை மன்னிக்கலாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

9

எழுதி அழித்த முடிவுகள்:

ஹேமநாதன் கையை அசைக்க, சிராப் சிவப்புக் கயிறாகக் குவளையிலிருந்து எழுந்து தரையில்— (அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் நம்பவில்லை.)

ஜெயபாலன் மேசையைக் கவிழ்த்தார். அவர் கண்களில் கண்ணீர்— (அவர் அழுவது எனக்கு வரவில்லை. அவர் அழுதால் நீங்கள் உடனே மன்னித்துவிடுவீர்கள்.)

காளியம்மா குடித்தாள். வெறும் சிராப். எல்லாரும் சிரித்தார்கள். (இதை ஆசிரியருக்கு அனுப்பினேன். நல்ல முடிவு, பண்டிகைக்குப் பொருத்தம் என்றார். அவர் அப்படிச் சொன்னதும் திரும்ப வாங்கிக்கொண்டேன். எல்லாரும் சிரித்தால், பொய் சொன்னது ஹேமநாதன் என்று ஆகிறது. அவனிடம் யார் போய்ச் சொல்வது?)

10

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

குவளை காளியம்மாவின் உதட்டில் பட்டது. உள்ளே சிராப் லேசாக அசைந்தது. அசைத்தது ஹேமநாதனா, அவளுடைய கை நடுக்கமா, தெரியாது. நாற்காலியில் மோட்டார் மாதிரி இடித்த ஜெயபாலனின் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. பயமா, குற்றமா, தெரியாது. அர்ச்சுனனின் நாற்காலி காலியாக இருந்தது. அவன் எந்தப் பக்கம் ஓடினான் என்று பார்க்கிற அளவுக்கு என் கண்ணுக்கு வேகம் இல்லை.

ஒரு குரல் கேட்டது. ஒரே குரல். காளியம்மா அதற்காகத்தான் காத்திருந்தாள். குவளையைக் கீழே வைத்தாள். குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மகளிடம், ஹேமாவைக் கிட்ட வரச் சொல்லவா என்று கண்ணாலேயே கேட்டாள்.

லோஷினிக்கு இப்போது பதில் தெரியும்.

அந்தப் பெயரை எழுத என் கை வரவில்லை. எந்தப் பெயரை எழுதினாலும், ஏற்கனவே அவர்தான் என்று நினைத்தேன் என்பீர்கள். நீங்கள் யாரை நினைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியவேண்டும். இடம் விட்டிருக்கிறேன்:

____________ : "குடிக்காதீங்க."

பென்சிலால் எழுதுங்கள், மாற்ற வேண்டி வரலாம். எழுதும்போது நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தால் மறைக்கப் பார்க்க வேண்டாம். லோஷினிக்கு அது கேட்டுவிட்டது.